ஏழில் முடிவதில்லை நடுநிலை

அமிலமும் காரமும் வினைபுரிந்து உப்பையும் நீரையும் தருவது நடுநிலையாக்கல். ஒரு கரைசலில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதை, செறிவு தெரிந்த காரக் கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக இறக்கிக் கண்டறிவது தரம்பார்த்தல். ஆய்வகங்களில் இது டைட்ரேஷன் என்றே வழங்குகிறது. இவற்றைச் சுற்றி ஒரு கருத்து பள்ளியிலும் கல்லூரி முதலாண்டிலும் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அமிலமும் காரமும் சரிக்குச் சரி சேர்ந்தால் கரைசலின் பி.எச். 7 ஆகும், 7 வந்துவிட்டால் வினை முடிந்தது, வினை முடிந்த நீர் தீங்கற்ற நீர், பி.எச். மீட்டர் கையில் இருக்கும்போது பியூரெட் தேவையில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைக்கும் இந்த நான்கு கூற்றுகளும் தவறானவை. நான்குக்கும் வேர் ஒன்றே: அளவைக் கேட்க வேண்டிய இடத்தில் பி.எச்.சைக் கேட்பது.

இந்தத் தவறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காணப் புதுச்சேரியின் முதலியார்பேட்டை நல்ல இடம். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே துணிக்குப் பெயர்பெற்ற ஊர். ‘கினி’ எனப்பட்ட அவுரி நீலப் பருத்தித்துணி 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து செனகல் வரை கப்பலேறியது. 1898இல் முதலியார்பேட்டையில், கடலூர் சாலையில் ரோடியர் மில் எழுந்தது. பின்னாளில் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏ.எஃப்.டி. என்று பெயர்பெற்ற அந்த ஆலை 1986இல் புதுச்சேரி அரசின் கைக்கு வந்தது, 2011 டிசம்பரில் தானே புயலில் சேதமடைந்தது, 2020இல் மூடப்பட்டது. பருத்தியை வெளுத்துச் சாயமேற்றும் எந்த ஆலையிலும் காஸ்டிக் சோடாவும் சலவைச் சோடாவும் அசிட்டிக் அமிலமும் இல்லாமல் ஒரு நாளும் நகராது. தரம்பார்த்தல் என்னும் முறை வளர்ந்ததும் துணித் தொழிலின் தேவையை ஒட்டித்தான்.

அந்த வரலாறே முதல் மறுப்பு. 1729இல் பிரான்சில் ஜெஃப்ராய், வினிகரின் வலுவை அறிய, பொங்குதல் நிற்கும்வரை பொட்டாசியம் கார்பனேட்டைச் சேர்த்து, சேர்த்த அளவைக் கணக்கிட்டார். 1756இல் ஸ்காட்லாந்தின் பிரான்சிஸ் ஹோம், துணி வெளுப்பதற்கான சாம்பற்காரத்தின் தரத்தை அறிய, பொங்குதல் அடங்கும்வரை எத்தனை தேக்கரண்டி நைட்ரிக் அமிலம் பிடிக்கிறது என்று எண்ணினார். 1790களில் பிரான்சின் துணி நகரமான ரூவானில் தெக்ருவாசில், வெளுப்புக் கரைசலின் வலுவை அளக்க அளவுக்கோடிட்ட குழாய் ஒன்றை அமைத்தார். 1806இல் காரங்களை அளக்கும் கருவியையும் வெளியிட்டார். 1824இல் கே-லுசாக்கின் கைகளில் பியூரெட்டும் பிப்பெட்டும் இன்றைய பெயர்களைப் பெற்றன. பி.எச். என்ற அளவுகோலோ 1909இல்தான் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சனால் வகுக்கப்பட்டது. ஜெஃப்ராயிடமிருந்து சோரன்சன் வரை 180 ஆண்டுகள். அத்தனை காலமும் வேதியியலாளர்கள் 7 என்ற எண்ணைக் கேள்விப்படாமலே நடுநிலையாக்கலைத் துல்லியமாக அளந்து வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி, இந்த அமிலத்துக்கு எவ்வளவு காரம் வேண்டும் என்பது. நடுநிலையாக்கலின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

அமிலத்தின் அளவும் கரைசலின் பி.எச்.சும் வேறு வேறு. பி.எச். காட்டுவது அந்தக் கணத்தில் கரைசலில் பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை மட்டுமே. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் பிரிந்து நிற்கின்றன, பி.எச். 1. அதே 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை மூலக்கூறே பிரிந்திருக்கிறது, பி.எச். 2.9. ஆனால் காரம் வந்து சேரும்போது பிரிந்தவை செலவாக, பிரியாதவை பிரிந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. கடைசி மூலக்கூறு வரை வினைக்கு வருகிறது. சட்டைப் பையில் இருக்கும் பணத்தைப் பார்த்து ஒருவரின் வங்கிக் கணக்கைச் சொல்லிவிட முடியாது. ஆகவே இவ்விரு அமிலங்களிலும் 20 மில்லிலிட்டர் எடுத்தால், இரண்டுக்கும் 0.1 மோலார் காஸ்டிக் சோடா சரியாக 20 மில்லிலிட்டரே பிடிக்கும். வலிமை குறைந்த அமிலத்துக்குக் குறைந்த காரம் போதும் என்று மாணவர்கள் எழுதுவது, இந்தப் பாடம் பி.எச்.சிலிருந்து தொடங்குவதன் விளைவு.

இனி 7க்கு வருவோம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும் சரியளவில் சேரும் இடத்தில் பி.எச். 7 என்பது உண்மை. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் நீரோடு வினைபுரியாதவை என்பதால் அங்கே அப்படி அமைகிறது. அசிட்டிக் அமிலத்தில் சரியளவு காரம் சேர்ந்தபின் மிஞ்சும் அசிட்டேட் அயனி, நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ராக்சைடை விடுவிக்கிறது. 0.1 மோலார் கரைசல்களில் அந்தச் சமான நிலையின் பி.எச். 8.7. அம்மோனியாவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சரியளவு சேர்த்தால் பி.எச். 5.3. அமிலமும் காரமும் கடைசித் துளி வரை ஒன்றையொன்று தீர்த்துவிட்ட இந்த இடங்களில் 7ஐத் தேடினால் கிடைக்காது. ஆயிரக்கணக்கான அமில-காரச் சோடிகளில் ஒரு சிறு குடும்பத்துக்கு நேர்வதை எல்லாவற்றுக்கும் விதியாக்கியதுதான் பாடத்தின் பிழை.

பள்ளி ஆய்வகமே இதற்குச் சான்று. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாறியிருக்கின்றன. பதினோராம் வகுப்புச் செய்முறையில் அங்கே இடம்பெறும் அமில-காரத் தரம்பார்த்தல்கள் இரண்டு: ஆக்ஸாலிக் அமிலத்தைக் கொண்டு காஸ்டிக் சோடாவின் செறிவைக் காண்பது, சலவைச் சோடாவைக் கொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவைக் காண்பது. வழக்கமான செறிவுகளில் முதலாவது பி.எச். 8.3க்கு அருகிலும், இரண்டாவது 4க்கு அருகிலும் முடிகின்றன. வகுப்பறையில் 7 என்று மனப்பாடம் செய்யும் மாணவர், ஆய்வகத்தில் தம் கையால் செய்யும் இரண்டு சோதனைகளிலும் 7இல் நிறுத்துவதே இல்லை. நிறங்காட்டியை ஆசிரியரே தந்துவிடுவதால், முதலாவதற்குப் பினாப்தலீனும் இரண்டாவதற்கு மெத்தில் ஆரஞ்சும் ஏன் என்று கேட்கும் வாய்ப்பு அவருக்கு அமைவதில்லை. வினாத்தாளும் கேட்பதில்லை. பியூரெட் அளவீடு எதிர்பார்த்த எண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் போய்விடுகிறது.

நிறங்காட்டியைத் தேர்வதில்தான் பாடத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 1877இல் நிறங்காட்டியாக வழக்குக்கு வந்த பினாப்தலீன், பி.எச். 8.2க்கும் 10க்கும் இடையே நிறம் மாறும். அடுத்த ஆண்டு லுங்கே அறிமுகம் செய்த மெத்தில் ஆரஞ்சு 3.1க்கும் 4.4க்கும் இடையே மாறும். வலிமை மிகு அமிலத்தையும் காரத்தையும் சேர்க்கும்போது இரண்டில் எதுவும் பயன்படும். 0.1 மோலார் கரைசல்களில், 20 மில்லிலிட்டருக்கு ஒரு சொட்டு முன்னால் பி.எச். 3.9, ஒரு சொட்டுக்குப் பின்னால் 10.1. ஒன்றிரண்டு சொட்டுகளில் நிகழும் அந்தத் தாவலுக்குள் இரண்டு நிறங்காட்டிகளும் அகப்பட்டுவிடுகின்றன. அசிட்டிக் அமிலத்தில் மெத்தில் ஆரஞ்சை இட்டால், 20 மில்லிலிட்டர் வேண்டிய இடத்தில் 6 மில்லிலிட்டர் சேர்வதற்குள் நிறம் முழுதாக மாறி நின்றுவிடும். அமிலத்தில் பத்தில் ஏழு பங்கு கணக்கில் வராமலே போகும். அம்மோனியாவை அமிலத்தால் அளக்கும்போது பினாப்தலீனை இட்டால், 18.4 மில்லிலிட்டரிலேயே நிறம் மறைந்து எட்டு சதவீதம் குறைவாகக் காட்டும். நிறங்காட்டி சொல்வது பி.எச்.சை, நமக்கு வேண்டியது அளவு. எந்த பி.எச்.சில் அளவு நிறைகிறது என்பதை முன்னரே அறிந்தவருக்கு மட்டுமே அந்த நிறம் பொருள் தரும்.

7இல் நிறுத்துவதால் வரும் பிழை எல்லா இடத்திலும் பெரிதல்ல. அசிட்டிக் அமிலத்தை பி.எச். 7இல் நிறுத்தினால் அரை சதவீதம்தான் குறையும். ஆக்ஸாலிக் அமிலத்தில் அதைவிடக் குறைவு. சலவைச் சோடாவில்தான் கருத்து அடியோடு சரிகிறது. கார்பனேட் முதலில் பைகார்பனேட்டாகவும், பிறகு கார்பன் டைஆக்சைடாகவும் இரண்டு படிகளில் மாறும். முதற்படி பி.எச். 8.3 அளவில் முடியும். இரண்டாம் படி 4க்கு அருகில் முடியும். 7 இரண்டுக்கும் நடுவே, எதுவும் முடியாத இடத்தில் கிடக்கிறது. கார்பன் டைஆக்சைடு வெளியேறாமல் கரைசலிலேயே நின்றால், 7ஐத் தொடும்போது வேண்டிய அமிலத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதமே சேர்ந்திருக்கும். மீதி நாற்பது சதவீதக் காரம் பைகார்பனேட்டாக அங்கேயே இருக்கும். மீட்டர் மட்டும் நடுநிலை என்று சொல்லும்.

சாயப்பட்டறையில் இது ஏட்டுக் கணக்காக நின்றுவிடுவதில்லை. ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியோடு பிணைய, சலவைச் சோடாவை நிறையப் போட்டுக் கரைசலைக் காரமாக்குவார்கள். சாயம் பிடித்தபின், சோப்புக் கரைசலில் கொதிக்கவைக்குமுன், அசிட்டிக் அமிலம் விட்டுக் காரத்தைத் தீர்க்க வேண்டும். காரம் மிஞ்சிச் சூடேறினால் சாயத்துக்கும் நூலுக்கும் இடையிலான பிணைப்பு அறுபட்டு நிறம் கழன்றுவிடும். மீட்டரில் 7 கண்டு நிறுத்தினால் பைகார்பனேட் மிஞ்சும். சூடேறும்போது அது சிதைந்து கார்பன் டைஆக்சைடை விட்டுவிட்டு மறுபடியும் கார்பனேட்டாகும். நடுநிலை எனப்பட்ட நீர் தானாகவே காரமாகும். நூலின் உள்ளே ஊறிய காரம் இன்னொரு பக்கம். தொட்டி நீர் 7 காட்டும்போதே இழைக்குள் காரம் தங்கியிருக்கும். நேரம் போகப்போக வெளியே கசிந்து பி.எச்.சை உயர்த்தும். எவ்வளவு சோடா போட்டோம், எவ்வளவு கழுவப்பட்டது, எவ்வளவு அமிலம் அதற்கு ஈடு என்ற கணக்கு ஒன்றுதான் இங்கே காக்கும். அந்தக் கணக்கைத் தருவது தொட்டி நீரை எடுத்துச் செய்யும் தரம்பார்த்தல்.

பருத்திக்குப் பளபளப்பு ஏற்றும் மெர்சரைசிங்கும் இதையே சொல்கிறது. 1850இல் ஜான் மெர்சர் காப்புரிமை பெற்ற முறை இது: வலுவான காஸ்டிக் சோடாவில் துணியை நனைத்து, அலசி, மிஞ்சிய காரத்தை அமிலத்தால் தீர்ப்பது. மிச்சக் காரத்துக்குச் சரியளவு கந்தக அமிலத்தை விட்டாலும் நடுநிலை வரும். ஆயினும் பட்டறைகள் நாடுவது அசிட்டிக் அமிலத்தையே. கந்தக அமிலம் சற்றே கூடி, கழுவாமல் துணியிலேயே உலர்ந்தால், நீர் ஆவியாகி அமிலம் செறிந்து செல்லுலோஸ் சங்கிலிகளை அறுத்துவிடும். துணி கையில் கிழியும். அசிட்டிக் அமிலம் சற்று மிஞ்சினாலும் ஆவியாகிப் போகும். எந்த அமிலம், எந்த அளவு, மிஞ்சினால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்ததுதான் தொழிற்சாலையின் நடுநிலையாக்கல். ‘பி.எச். 7’ என்ற விடை இம்மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை.

இன்னும் பின்னே போனால், கினித் துணியின் நீலத் தொட்டியும் அதே பாடத்தைத் தருகிறது. அவுரி நீலம் நீரில் கரையாது. காரம் கலந்த தொட்டியில் ஒடுக்கப்பட்டால்தான் கரைந்து நூலுக்குள் போகும். சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் சுண்ணாம்போடு தகரை விதையை வேகவைத்துச் சேர்த்து நொதிக்கவிட்டார்கள். நொதித்தலில் அமிலம் உண்டாகும். அது சுண்ணாம்பைத் தீர்க்கும். தீர்ந்த அளவுக்கு மேலும் சுண்ணாம்பு இட வேண்டும். நுரையையும் மணத்தையும் நிறத்தையும் கொண்டு அந்த அளவை அவர்கள் கணித்தார்கள். இத்தகைய தொட்டியில் நடுநிலையாக்கல் இரவும் பகலும் நடக்கிறது, தொட்டியின் பி.எச். 7க்கு இறங்கினாலோ சாயம் கெடும். வினை ஒன்று, 7 என்ற எண் வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7 என்ற எண்கூட நிலையானதன்று. தூய நீர் 25 பாகை செல்சியசில்தான் 7 காட்டும். 40 பாகையில் 6.8, 60 பாகையில் 6.5, கொதிநிலையில் 6.1. மூன்றிலும் ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சரிசமம், மூன்றும் நடுநிலையே. புதுச்சேரியின் மே மாத ஆய்வகத்தில் இருக்கும் தூய நீரே 7க்குக் கீழேதான் நிற்கும். கொதிக்கும் சாயத்தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நடுநிலையான நீர் தீங்கற்றது என்ற மூன்றாம் கூற்றுதான் அதிகம் கேடு செய்தது. 40 கிராம் காஸ்டிக் சோடாவை 36.5 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தீர்த்தால் 58.5 கிராம் உப்பு நீரில் கரைந்து நிற்கும். கந்தக அமிலத்தால் தீர்த்தால் 71 கிராம் சோடியம் சல்பேட். பி.எச். சரியாகிவிட்டது, உப்பு எங்கும் போகவில்லை. திருப்பூர்ச் சாயநீர் நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்று வட்டாரக் கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கியதற்குப் பெருங்காரணம் இந்தக் கரைந்த உப்புகள். அவற்றில் பெரும்பங்கு சாயம் பிடிக்கப் போட்ட உப்பு. நடுநிலையாக்கலில் பிறந்ததும் அதோடு கூடியது. கழிவுநீரின் பி.எச். 5.5க்கும் 9க்கும் இடையே இருக்க வேண்டும் என்ற பொதுவிதியை நிறைவு செய்த நீரும், கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டினால் பயிருக்கு நஞ்சு. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் நிலைக்கு அந்த நதி வந்து சேர்ந்தது. நடுநிலை என்றால் நல்ல நீர் என்று படித்த தலைமுறைக்கு, நொய்யலின் கேடு கண்ணில் படவே வெகுகாலம் ஆயிற்று.

உடம்பில் அமிலம் பட்டால் காரம் தடவு என்ற வீட்டு அறிவுரையும் இதே கருத்தின் கிளை. நடுநிலையாக்கல் வெப்பம் உமிழும் வினை; வலிமை மிகு அமிலமும் காரமும் ஒரு மோல் நீரை உண்டாக்கும்போது ஏறத்தாழ 57 கிலோஜூல் வெளியேறும். தோலில் எவ்வளவு அமிலம் பட்டது என்று யாருக்கும் தெரியாது. தெரியாத அளவுக்கு ஈடு செய்யப் போனால் வெந்த தோலைச் சூடும் காரமும் சேர்ந்து தாக்கும். உடனே செய்ய வேண்டியது, ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, மருத்துவமனைக்கு விரைவது.

பி.எச். மீட்டர் வந்தபின் தரம்பார்த்தல் பழம்பொருள் என்ற நான்காம் கூற்றுக்கு மேலே சொன்ன எல்லாமே பதில். மீட்டர் ஒரு கணத்தின் நிலையைச் சொல்லும், இருப்பைச் சொல்லாது. ஒரே பி.எச். காட்டும் இரண்டு தொட்டிகளில் ஒன்றுக்கு ஒரு குவளை அமிலமும் இன்னொன்றுக்கு ஒரு பீப்பாயும் தேவைப்படலாம். மீட்டரைப் பியூரெட்டோடு சேர்த்து வைத்துச் சேர்மானத்துக்கு எதிரே பி.எச்.சை வரைபடமாக்கினால்தான் அது அளவைச் சொல்லத் தொடங்கும். அப்போது நடப்பதும் தரம்பார்த்தலே. இன்றைய தானியங்கி டைட்ரேட்டர்களும் அதைத்தான் செய்கின்றன. கருவி மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

பிள்ளைகளுக்கு எளிமையாக ஒன்றைச் சொல்லி, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது இக்கருத்தைக் காப்பவர்களின் கடைசி வாதம். எளிமைக்காகவே என்றால், அளவைவிட எளிமையானது எதுவும் இல்லை. இத்தனை அமிலத்துக்கு இத்தனை காரம் என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். மடக்கை தேவைப்படும் பி.எச்.தான் கடினம். கடினமானதை முதலில் வைத்து, அதையும் பிழையாக வைத்துவிட்டு, எளிமை என்று பெயர் சூட்டுவது பொருந்தாது. பிறகு திருத்துவதும் பெரும்பாலும் நடப்பதில்லை. வேதியியலை அத்தோடு விட்டுவிடும் பெரும்பான்மையினர் 7 என்ற எண்ணோடுதான் வெளியே போகிறார்கள். அவர்களில் சிலர் நாளை சாயப்பட்டறையின் கழிவுநீரைக் கவனிப்பவர்களாக, குடிநீரைச் சோதிப்பவர்களாக, வயல்மண்ணைப் பார்ப்பவர்களாக வருவார்கள்.

திருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நடுநிலையாக்கலை அளவிலிருந்து தொடங்க வேண்டும், பி.எச். அதன்பின் வரட்டும். ஒரே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வினிகரையும் மாணவர்கள் அடுத்தடுத்துத் தரம்பார்த்து, இரண்டுக்கும் ஒரே அளவு காரம் பிடிப்பதைத் தாமே காண வேண்டும். சலவைச் சோடாவை ஒருமுறை பினாப்தலீனாலும் மறுமுறை மெத்தில் ஆரஞ்சாலும் அளந்து, இரண்டாவது அளவீடு முதலாவதைப்போல் இருமடங்காவது ஏன் என்று எழுத வேண்டும். நிறங்காட்டியை மாணவரே தேர்ந்து காரணம் சொல்வதற்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வேண்டும். புதிய வேதிப்பொருள் ஒன்றும் தேவையில்லை. இவை பள்ளி ஆய்வக அலமாரியில் ஏற்கெனவே இருப்பவை. பாடத்திட்டம் மாறியிருக்கும் இந்த வேளையில் முதலியார்பேட்டையின் பள்ளிகளிலேயே இதைத் தொடங்கலாம். நடுநிலையாக்கல் என்பது அமிலத்துக்கு ஈடான காரம் சேர்வது. அது எந்த பி.எச்.சில் நிகழும் என்பதை அந்த அமிலமும் அந்தக் காரமும் முடிவு செய்கின்றன. 7 என்ற விடைக்கு முழு மதிப்பெண் தரும் வழக்கத்தை ஆசிரியர்கள் இந்த ஆண்டே கைவிட வேண்டும்.